பாகம் தெரிந்தவருக்கு ஃபாதம் எளிது: ஆங்கிலத்தில் உயர்நிலைச் சொல்வளம் சேர்ப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இது. கேட்டவர் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் இருக்கும் கல்லூரி மாணவி. பள்ளிப்படிப்பு முழுக்கத் தமிழ்வழி. ஆங்கில நாளிதழில் செய்தி புரிகிறது, தலையங்கம் புரியவில்லை. கடையில் வாங்கிய சொற்பட்டியல் புத்தகத்திலிருந்து தினமும் 20 சொல் மனப்பாடம் செய்கிறார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் நாலோ ஐந்தோதான் நிற்கிறது. வேறு எந்தப் புத்தகம் வாங்கலாம், தினம் எத்தனை சொல் படிக்கலாம் என்று கேட்கிறார்.

புத்தகத்தை மாற்றினால் இது தீராது. பட்டியல் அகரவரிசையில் இருப்பதே முதல் கோளாறு. அபேட், அபெட், அபேஷ் மூன்றும் ஒரே பக்கத்தில் வரும். முதலாவது தணிவது, அடுத்தது குற்றத்துக்கு உடந்தையாவது, மூன்றாவது வெட்கப்பட வைப்பது. எழுத்திலும் ஒலியிலும் ஒட்டிக்கிடக்கும் சொற்களை ஒரே நாளில் படித்தால் ஒன்று மற்றதை அழித்துவிடும். ‘ஒரே பொருள் தரும் 10 சொற்கள்’ என்று தொகுத்த பக்கங்களும் இதே கெடுதலைத்தான் செய்கின்றன. இரண்டாவது கோளாறு, சொல்லுக்கு எதிரே ஒற்றைத் தமிழ்ச்சொல் மட்டும் இருப்பது. அது எந்தச் சொல்லோடு சேரும், எதோடு சேராது என்பது அங்கே இல்லை. மனம் பிடித்துக்கொள்ள அதில் பிடிமானமே கிடையாது.

ஒரு குறிப்பு: இங்கே ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். உங்கள் நோட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள். தமிழ் எழுத்தில் ‘பேக்’ என்று எழுதினால் மூட்டை கட்டுவதா, முதுகா, பையா என்று பிறகு உங்களுக்கே தெரியாது.

முதலில் அடித்தளத்தைச் சோதியுங்கள். ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சொற்களை மைக்கேல் வெஸ்ட் 1953-ல் ஏறத்தாழ 2,000 சொற்குடும்பங்களாகத் தொகுத்தார். பொல்யூட், பொல்யூஷன், பொல்யூட்டன்ட் எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம். அதற்கு மேல், பாடநூல்களிலும் ஆய்வுகளிலும் புழங்கும் 570 குடும்பங்களை அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் பட்டியலிட்டார். கல்வி சார்ந்த எழுத்தில் பத்துக்கு ஒரு சொல் அதிலிருந்து வருகிறது. நாவல், நாளிதழ் போன்றவற்றைத் துணையின்றிப் படிக்க 8,000 முதல் 9,000 குடும்பங்கள் தேவை என்பது சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006-ல் போட்ட கணக்கு. இந்தக் கணக்கு 100-க்கு 98 சொல் தெரிந்திருக்க வேண்டும் என்ற அளவுகோலில் போடப்பட்டது. இதையே நீங்களும் பயன்படுத்தலாம். தலையங்கத்தில் 200 சொல் எண்ணி, தெரியாதவற்றில் கோடு போடுங்கள். 4 வரை இருந்தால் அது உங்கள் நிலைக்குச் சரியான வாசிப்பு. 10-ஐத் தாண்டினால் அந்தக் கட்டுரையை இப்போதைக்கு விட்டுவிட்டு எளியதை எடுங்கள். தெரியாதது அதிகமாக இருக்கும் பக்கத்தில் சுற்றியுள்ள வரிகள் உதவ முடியாது; ஊகம் முழுக்கத் தப்பாகும்.

கோடு போட்டவை 570 பட்டியலில் உள்ள சொற்களாக இருந்தால், அந்தப் பட்டியலை முதலில் முடியுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வரிசையாகப் படிக்காமல், வாசிப்பில் எதிர்ப்பட எதிர்ப்பட எடுத்து, பட்டியலில் டிக் போட்டு வாருங்கள்.

இனி, ராமநாதபுரக் கரையில் இருப்பவர்களுக்கு இதில் உள்ள ஒரு பெரிய வசதியைச் சொல்ல வேண்டும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆங்கிலம் கப்பலோட்டிகளின் மொழி. தலையங்கத்தில் உங்களைத் தடுக்கும் அரூபமான சொற்களில் நிறைய, படகிலிருந்தும் அலையிலிருந்தும் கயிற்றிலிருந்தும் கரையேறியவை. நகரத்து மாணவருக்கு அந்தப் பொருள் கண்ணால் பார்க்காதது. உங்களுக்கு அது வாசலில் கிடக்கிறது.

ஃபாதம் என்ற சொல்லை எடுங்கள். இரு கைகளையும் விரித்தால் வரும் அளவு அது, 6 அடி. பழைய ஆங்கிலத்தில் விரித்த கைகளையே குறித்தது. கடலின் ஆழத்தை அதில் அளந்தார்கள். நம் கரையில் இதே அளவுக்குப் பாகம் என்று பெயர். எத்தனை பாகத்தில் வலை விட்டார்கள் என்று பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். ஆழத்தை அளப்பது என்ற வினை பிறகு ‘ஒன்றின் அடிவரை சென்று புரிந்துகொள்வது’ ஆகிவிட்டது. அதனால்தான் அன்ஃபாதமபிள் என்றால் ஆழம் காண முடியாதது, புரியவே புரியாதது. ‘அவன் மனசை ஆழம் பார்க்க முடியல’ என்று நாம் சொல்வதும் இதுதானே. பாகத்தைப் பிடித்துக்கொண்டால் இந்தச் சொல் மறக்க வழியில்லை.

ஆழம் பார்க்க, கயிற்று நுனியில் ஈயக்குண்டு கட்டி இறக்குவார்கள். ஈயத்துக்கு லத்தீனில் பிளம்பம். குண்டுக்கு ஆங்கிலத்தில் பிளம்மெட். குண்டு விழுவதுபோல் நேராகச் சரிவதும் பிளம்மெட். இறால் விலை மெல்ல இறங்கினால் இந்தச் சொல் பொருந்தாது. ஒரே வாரத்தில் பாதியானால் பொருந்தும். குழாய் வேலை செய்யும் பிளம்பரும் ஈயக்குழாயால் வந்த பெயர்தான்.

கையளவிலேயே இன்னொன்று ஸ்பான். விரித்த கையில் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை, அதாவது நம் சாண். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் கப்பல் போக மேலே எழும் 72.5 மீட்டர் பகுதியை லிஃப்ட் ஸ்பான் என்று எழுதினார்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சாண். லைஃப் ஸ்பான் வாழ்நாளின் நீளம். ‘முப்பது ஆண்டுகளை ஸ்பான் செய்யும் ஆய்வு’ என்றால் அவ்வளவு காலத்தை எட்டித் தொடும் ஆய்வு.

இப்படி இன்னும் சில. காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும் தூரம் லீவே. கச்சான் காற்று அடிக்கும்போது நேரே ஓட்டினாலும் படகு ஒதுங்குமே, அந்த ஒதுக்கம். அதற்கு இடம் விட்டுத்தான் ஓட்ட வேண்டும். எனவே தலையங்கத்தில் ‘மாநிலங்களுக்கு லீவே தர வேண்டும்’ என்றால் சற்று விலகி நடக்க இடம் தர வேண்டும் என்று பொருள். கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டும் தூரக்கடல் ஆஃபிங்; அங்கே தெரியும் கப்பல் சீக்கிரம் கரைக்கு வரும், ஆகவே ‘இன் தி ஆஃபிங்’ என்றால் வரப்போகிறது. பாய்மரத்தை முன்பக்கமாக இழுத்துப் பிடிக்கும் பெருங்கயிறு மெய்ன்ஸ்டே. அது அறுந்தால் மரம் சாயும். மீன்பிடிப்பு இந்தத் தீவுப் பொருளாதாரத்தின் மெய்ன்ஸ்டே என்று எழுதுவது அதனால்தான் அத்தனை வலுவாக இருக்கிறது. மிதவையை ஆங்கிலேயர் ‘பாய்’ என்பார்கள், அமெரிக்கர் ‘பூயி’ என்பார்கள். அழுத்தினாலும் மேலே வருவது பாயண்ட், சந்தைக்கும் மனநிலைக்கும் சேர்த்து. கடல் வற்றுவது எப். ‘உறவு லோ எப்பில் இருக்கிறது’ என்றால் வற்றிய கடல்போலத் தாழ்ந்து கிடக்கிறது.

இங்கே இலக்கணத்தையும் ஒரு கை பார்த்துவிட வேண்டும், தமிழர் அதிகம் தவறுவது இதில்தான். நம் மொழியில் தன்வினைக்கும் பிறவினைக்கும் உருவம் வேறு: குறைந்தது, குறைத்தது, மூழ்கியது, மூழ்கடித்தது. ஆங்கிலத்தில் சில வினைகள் இரண்டுக்கும் ஒரே உருவில் வரும், சில ஒன்றுக்கு மட்டுமே வரும். டிக்ரீஸ் இரண்டுக்கும் ஆகும். ட்விண்டில் தானே குறைவதற்கு மட்டும். மீன்வளம் ட்விண்டில் ஆகலாம், இழுவைமடி அதை ‘ட்விண்டில் செய்தது’ என்று எழுதினால் தவறு. அந்த இடத்துக்கு டிப்ளீட். அதேபோல் படகு தானே நீர் புகுந்து மூழ்கினால் ஃபவுண்டர். ஓட்டை போட்டு வேண்டுமென்றே மூழ்கடித்தால் ஸ்கட்டில். இரு நாட்டு மீனவர் பேச்சுவார்த்தை முறிந்தபோது ‘டாக்ஸ் ஃபவுண்டர்ட்’ என்று ஒரு நாளிதழும், இன்னார் அதை ‘ஸ்கட்டில்ட்’ என்று மற்றொரு நாளிதழும் எழுதினால், முதலாவது யாரையும் குற்றம் சொல்லவில்லை, இரண்டாவது சொல்கிறது. ஃபவுண்டரோடு ஃபிளவுண்டரைக் குழப்பாதீர்கள், அது தட்டுத் தடுமாறுவது. இரண்டையும் குறைந்தது இரண்டு வார இடைவெளி விட்டுப் படியுங்கள்.

ஆகவே ஒவ்வொரு வினைச்சொல்லோடும் ‘தானே’ அல்லது ‘பிறரை’ என்று அட்டையில் (அட்டை முறையைப் பின்னால் சொல்கிறேன்) எழுதிவிடுங்கள். லாங்மன், கோபில்ட் போன்ற மாணவர் அகராதிகளின் இணையப் பக்கங்களில் இது தெளிவாகக் கிடைக்கும். லாங்மன் ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே பொருள் சொல்கிறது. கோபில்ட் பொருளையே முழு வாக்கியமாகத் தருவதால், சொல் யாரோடு வரும் என்பதும் கூடவே தெரிந்துவிடுகிறது. ஆங்கிலம்–தமிழ் அகராதி மரம், மீன், கருவி போன்றவற்றுக்குப் போதும். அரூபச் சொற்களுக்கு அதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்.

வாசிப்புக்கு வருவோம். நாளுக்கு ஒரு தலைப்பு என்று தாவாதீர்கள். ஒரு பொருளை எடுத்து மூன்று வாரம் அதிலேயே நில்லுங்கள். சொல் நிலைக்கப் பத்துத் தடவையாவது வெவ்வேறு வாக்கியத்தில் எதிர்ப்பட வேண்டும். தாவிக்கொண்டே இருந்தால் அது நடக்காது.

உங்கள் ஊருக்கு முதல் பொருள் மீனவர் கைதுச் செய்தியாக இருக்கட்டும். என்ன நடக்கிறது என்பது உங்களுக்கு முன்பே தெரியும், சொல் மட்டும்தான் புதிது. எல்லை தாண்டியதை எழுத நான்கு வினைகள் வருகின்றன. கிராஸ் வெறுமனே கடந்தது. ஸ்ட்ரே வழிதவறிப் போனது, குற்றமில்லை. டிரெஸ்பாஸ் அனுமதியின்றி நுழைந்தது, சட்ட மீறல். போச் பிறர் வளத்தைத் திருடியது. ஒரே இரவு, ஒரே படகு. கொழும்பிலிருந்து எழுதுபவரும் ராமேஸ்வரத்திலிருந்து எழுதுபவரும் வெவ்வேறு வினையை எடுக்கிறார்கள். எழுதியவர் எந்தக் கரையில் நிற்கிறார் என்பதை அந்த வினையே காட்டிக் கொடுக்கும். தலையங்கம் புரியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்: சொல்லின் பொருள் தெரிகிறது, அதன் சாய்வு தெரிவதில்லை. இதை அட்டையில் கூட்டல், கழித்தல், பூஜ்யம் என்று குறித்து வையுங்கள். ஸ்ட்ரேக்கு பூஜ்யம், போச்சுக்கு கழித்தல்.

அதே செய்தியின் அடுத்த வரியில் அப்ரிஹெண்ட் வரும், பிடித்தது. லத்தீனில் ‘பிடி’ என்ற வேரிலிருந்து. அதே வேரில் காம்ப்ரிஹெண்ட், புரிவது. ‘இன்னும் பிடிபடலை’ என்று நாம் சொல்வதும் அப்படியே. அப்ரிஹென்ஷன் என்று பெயர்ச்சொல்லாகும்போது பெரும்பாலும் அச்சம் என்ற பொருளில் வரும். இதில் பலர் வழுக்குகிறார்கள். படகுக்கு இம்பவுண்ட், பிடித்து வைத்திருப்பது. திரும்பக் கிடைக்க வழி உண்டு. கான்ஃபிஸ்கேட் என்றால் பறிமுதல். ரிமாண்ட் நமக்குத் தமிழாகவே ஆகிவிட்டது. விடுதலையான பின் ரிபேட்ரியேட், தாய்நாட்டுக்கு அனுப்புவது. பேட்ரியா தாயகம், அதிலிருந்து பேட்ரியட், தாயகம் விட்டு வெளியே வாழும் எக்ஸ்பேட்ரியேட். கீழக்கரையிலிருந்து துபாய் போனவர்களை அங்கே சுருக்கமாக எக்ஸ்பேட் என்கிறார்களே, அதுதான்.

அடுத்த பொருள் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். தமிழில் தடை ‘விதிப்போம்’, ‘நீக்குவோம்’. ஆங்கிலத்தில் பேன் என்பதோடு இம்போஸ், லிஃப்ட் சேரும். ‘கிவ் எ பேன்’ என்று எழுதினால் புரியும், ஆனால் எழுதியவர் வெளியாள் என்று உடனே தெரியும். மூன்றாவதாக மன்னார் வளைகுடா: 21 தீவுகள், 1986-ல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளம் வெளிறுவது பிளீச்சிங், மீண்டெழும் திறன் ரிஸிலியன்ஸ், கலங்கல் நீர் டர்பிட். வளைகுடாவையே எடுத்தால், கல்ஃப் என்பது பணக்காரருக்கும் ஏழைக்கும் நடுவிலுள்ள பெரும் இடைவெளிக்கும் ஆகும். நீரிணையைக் குறிக்கும் ஸ்ட்ரெய்ட், ‘டயர் ஸ்ட்ரெய்ட்ஸ்’ என்றால் கடும் நெருக்கடி.

வேர்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இன்சுலா என்றால் தீவு; அதிலிருந்து பெனின்சுலா, இன்சுலர், இன்சுலேட், ஐசோலேட். ஆனால் ஐலண்ட் அந்த வேரிலிருந்து வரவில்லை. அது பழைய ஆங்கிலச் சொல். பின்னாளில் இன்சுலாவிலிருந்து வந்த ஐல் என்ற சொல்லைப் பார்த்துக் குழம்பி நடுவே ‘எஸ்’ எழுத்தைச் செருகிவிட்டார்கள், அதனால்தான் அந்த எழுத்து ஒலிப்பதில்லை. முன்னொட்டும் ஏமாற்றும்: இன்ஃப்ளேமபிள் என்று டீசல் பீப்பாயில் எழுதியிருந்தால் தீப்பிடிக்காதது என்று பொருளல்ல, பிடிக்கும் என்று பொருள். இன்வேல்யுவபிள் மதிப்பற்றது அல்ல, விலைமதிப்பற்றது. வேரைப் பொருள் தெரிந்த பிறகு நினைவுக்கு ஆணியாக அடியுங்கள். பொருளை ஊகிக்க அதை நம்பாதீர்கள்.

நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கும் ஆங்கிலச் சொற்களும் கவனத்துக்குரியவை. கடலுக்குப் போக வாங்கும் டோக்கன் எல்லோருக்கும் தெரியும். டோக்கன் ஸ்ட்ரைக் என்றால் அடையாள வேலைநிறுத்தம், டோக்கன் ஜெஸ்சர் என்றால் பெயருக்குச் செய்தது. நம்மிடமிருந்து போன கட்டுமரமும் அங்கே உருமாறிவிட்டது; கேட்டமரான் என்றால் இப்போது இரட்டை உடல் கொண்ட படகு.

சேர்த்ததை நிறுத்தி வைப்பதற்கு அட்டை. தினமும் 6 புதுச் சொல், வாரம் 5 நாள். 50 வாரத்தில் 1,500. குறைவு என்று தோன்றும். 20 வீதம் படித்து மறப்பதைவிட இது எவ்வளவோ மேல். தபால் அட்டையில் பாதி அளவு போதும். முன்பக்கம் நீங்கள் படித்த வாக்கியம், சொல் இருந்த இடம் வெற்று, முதல் எழுத்து மட்டும். பின்பக்கம் சொல், அழுத்தம் விழும் அசையின் கீழ் கோடு, தானே அல்லது பிறரை, கூட வரும் இரண்டு சொற்கள், சாய்வுக் குறி, கடைசியாகத் தமிழ்ப் பொருள். அழுத்தக் கோட்டை விடாதீர்கள். தமிழில் அசை அழுத்தம் பொருளை மாற்றாது, அதனால் நம் காது அதைக் கேட்பதே இல்லை. ஃபோட்டோகிராஃபில் முதல் அசை, ஃபோட்டாகிரஃபியில் இரண்டாம் அசை. இடம் மாறினால் கேட்பவருக்குச் சொல்லே புரியாது.

நாள் போகப் போக மறதி எப்படி விழுகிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து காட்டினார்: முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. அதற்கேற்ப லைட்னர் 1972-ல் பரப்பிய பெட்டி முறை இது. செருப்புப் பெட்டியில் 5 தடுப்பு. முதல் தடுப்பில் விழுந்த அட்டையை 1 நாள் கழித்தும், அடுத்த தடுப்புகளில் விழுந்தவற்றை 3, 7, 16, 35 நாள் கழித்தும் பாருங்கள். சரியாகச் சொன்னால் அடுத்த தடுப்புக்கு, தவறினால் எத்தனையாவதில் இருந்தாலும் முதலாவதுக்கு. 6 சொல், 5 தடுப்பு, ஆக 30. தவறியவை சேர்த்து ஒரு நாளைக்கு 40 அட்டைக்குள் நிற்கும், 15 நிமிடம் போதும். பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு ‘ஆமா, தெரிஞ்சதுதான்’ என்று நகர்த்துவதுதான் இதில் பெரிய மோசடி. சொல்லை வாய்விட்டுச் சொன்ன பிறகே திருப்புங்கள்.

போனில் ‘அங்கி’ என்ற அட்டைச் செயலியிலும் இதைச் செய்யலாம். புது அட்டை எண்ணிக்கையை 6 என்று வையுங்கள். மறந்த அட்டைக்கு ‘ஹார்ட்’ பொத்தானை அழுத்துவது பலர் செய்யும் தவறு. செயலி அதைத் தேர்ச்சி என்றே எடுத்துக்கொண்டு இடைவெளியை நீட்டும். மறந்திருந்தால் ‘அகெய்ன்’தான். அடுத்தவர் தயாரித்த ஆயிரம் அட்டையை இறக்குவதும் வேண்டாம். உங்கள் வாசிப்பிலிருந்து வராத சொல்லுக்கு உங்களிடம் முகம் கிடையாது.

திருவிழா, தேர்வு என்று பத்து நாள் விட்டுப்போனால் அட்டை 200 சேர்ந்து நிற்கும். அப்போதுதான் பலர் பெட்டியையே மூடிவிடுகிறார்கள். புதுச் சொல்லை நிறுத்திவிட்டு தினம் 40 மட்டும் பாருங்கள், ஒரு வாரத்தில் சமாளித்துவிடலாம். ஒரே அட்டை 5 தடவை தவறினால் குறை அட்டையில்தான்: வாக்கியத்தை மாற்றுங்கள், அல்லது அதனோடு குழம்பும் சொல் எது என்று பார்த்து ஒன்றை மாதக்கணக்கில் ஒதுக்கி வையுங்கள்.

எழுதாத சொல் உங்களுடையதாகாது. ஞாயிற்றுக்கிழமை 120 சொல்லில் ஒரு பத்தி, அந்த வாரச் சொற்களில் 4 மட்டும் அதில் வரட்டும். கனமான சொல்லை எளிய சொல்லின் இடத்தில் செருகுவதை உயர்நிலை என்று நினைக்க வேண்டாம். ஸ்டார்ட்டும் கமென்ஸும் பொருளில் ஒன்றுதான், ஆனால் இன்ஜினை யாரும் கமென்ஸ் செய்வதில்லை. கூட்டம், விசாரணை, பணி போன்றவைதான் கமென்ஸ் ஆகும். மனு எழுதுபவர்கள் பயன்படுத்தும் ‘டூ த நீட்ஃபுல்’ வகைத் தொடர்களும் பழைய அலுவலக மிச்சம், அவற்றைச் சேர்க்காதீர்கள். எழுதிய சேர்க்கை சரியா என்று தெரிய, அந்த இரண்டு மூன்று சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடுங்கள். நாளிதழ்களிலும் நூல்களிலும் அது வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு இடத்தில் மட்டும், அதுவும் நம் ஊர்ப் பக்கங்களில் மட்டும் வந்தால் மாற்றிவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து, இப்போது கோடு போட்ட அதே நாளிதழில் புதிய தலையங்கம் ஒன்றை எடுத்து 200 சொல் எண்ணுங்கள். தெரியாதவை பாதியாகியிருந்தால் 6 என்ற அளவிலேயே போங்கள். குறையவில்லை என்றால் பெட்டியின் ஐந்தாம் தடுப்பைத் திறந்து பாருங்கள். அங்கே அட்டை நிறைந்திருந்தும் தலையங்கம் புரியவில்லை என்றால், நீங்கள் எடுத்த சொற்கள் அரிதானவை. இனி இரண்டு வெவ்வேறு கட்டுரைகளில் எதிர்ப்பட்ட சொல்லுக்கு மட்டும் அட்டை போடுங்கள். அந்தத் தடுப்பே காலியாக இருந்தால் 6 என்பதை 4 ஆக்குங்கள்.